பாக்கியம் டிவியில் வரும் புதன்கிழமைக்கு ஒரு டெக்

ஜூலை 18, 1994. திங்கள்.

ஆடி பிறந்து இரண்டு நாள். காற்று பேய் மாதிரி. மாடியில் காய்ந்த என் வேட்டி எதிர் வீட்டு முருங்கையில்.

வழக்கம்போல் 4 மணிக்கு எழுந்தேன். சோறு, சுண்டைவற்றல் குழம்பு, அவரைக்காய். பாக்கியத்துக்கு ஒரு டப்பா, எனக்கு ஒரு டப்பா. அவளை 5.20 பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து குளியல்.

சாயங்காலம் தபாலில் ஒரு கவர். டிவி நிலையத்திலிருந்து! மே மாதம் பிளவக்கல் அணைக்கு மேலே போய் பா.வைப் படம் பிடித்தார்களே, அது ஆகஸ்ட் 3 புதன்கிழமை மதியம் 1.30க்கு வருகிறதாம். “கிராம சுகாதாரச் செவிலியர் திருமதி பாக்கியம் சங்கரலிங்கம்” என்று டைப் அடித்திருக்கிறார்கள். மூன்று தடவை வாசித்தேன். என் பெயரும் டைப்பில்.

சிக்கல்: புதன்கிழமை தடுப்பூசி நாள். உலகம் புரண்டாலும் பா. லீவு போட முடியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தூத்துக்குடிக்கு லோடு. டெஸ்பாட்ச் கிளார்க் இல்லாமல் லாரி நகராது. ஊரே பார்க்கும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்க மாட்டோம். அதெப்படி?

பா. சொல்வது: “எம்மூஞ்சியத்தான் தெனமும் கண்ணாடியில பாக்கேனே. விட்டுத் தள்ளுங்க.”

என்ன பேசினாய் என்று கேட்டேன். “என்னத்தையோ கேட்டாக. என்னத்தையோ சொன்னேன்” என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 19. செவ்வாய்.

ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ச்மேன் வரை.

மதியம் வேலாயுதம் அண்ணாச்சி (எங்கள் தலைமைக் குமாஸ்தா) என் டப்பாவில் கை விட்டு, “ஏலே சங்கரா, ஒன் வீட்டம்மா கைக்குத் தங்கக் காப்பு போடணும்லே” என்றார். பதினோரு வருடமாக இதே பாராட்டு. நானும் பதினோரு வருடமாக, “சொல்லுதேன் அண்ணாச்சி.” பா.வுக்கு மலையடிவாரத்துக்கு மாற்றல் வந்த நாளிலிருந்து சமையல் என் கையில்தான். அது ஆபீஸில் ஈ காக்கைக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பேண்டேஜ் துணி கம்பெனியில் மீசைக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

ஜூலை 20. புதன்.

சண்டை போட்டேன். நல்ல சண்டை.

நம்முடைய டிவி பழசு. கேபிளில் வரும் ஸ்டேஷன் எல்லாம் அதில் பிடிக்காது என்று கேபிள் குமார் ஒரு பெட்டி கொடுத்திருந்தான். டிவி தலைமேல் ஒன்றரை வருடமாக உட்கார்ந்திருந்தது, மகாராஜா மாதிரி. இன்றைக்கு வந்தவனிடம், “தம்பி, ஆகஸ்ட் 3 மதியம் அரை மணி நேரம் உன் வீடியோ டெக்கில் பதிந்து கொடு” என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

“அது நாங்க படம் போடுத நேரம்லா சார். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அந்த ஸ்டேஷன எடுத்துட்டு நம்ம படந்தான் ஓடும். நர்ஸம்மா ஊசி போடுதத யாரு பாப்பா?”

யாரு பாப்பாவா?

பெட்டியைப் பிடுங்கினேன், வயரைச் சுற்றினேன், அவன் கையில் கொடுத்தேன். “கொண்டு போ. இனிமே எனக்கு ஒன் பெட்டியும் வேண்டாம், வயரும் வேண்டாம்.” அவன் முகம் செத்துப்போனது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

ராத்திரி பா.: “கோவத்துல பெட்டியத் தூக்கிக் குடுத்துட்டிய. இப்ப டிவில எதப் பாப்பிய, பல்லி ஓடுததையா?”

சொல்லிவிட்டேன்: டெக் வாங்குகிறேன். சொந்த டெக்.

ஜூலை 22. வெள்ளி.

இரண்டு நாள் விசாரித்ததில்:

1. உள்நாட்டு டெக், போட்டுப் பார்க்க மட்டும். விலை குறைவு. பதியாது. பதியாத டெக் எனக்கு எதற்கு? வே. அண்ணாச்சி இதைத்தான் வாங்கச் சொல்கிறார். சிக்கனக்காரர். கேபிளுக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று இன்னும் மொட்டை மாடி ஆன்டெனாவிலேயே காலம் தள்ளுகிறவர்.

2. பழைய பாளையத்தில் ஒரு கல்யாண வீடியோக்காரர் தன்னுடையதை விற்கிறார். கேஸட்டை மேலே போட்டு அழுத்துகிற பழைய மாடல். அம்மிக்கல் கனம். டைமர் வேலை செய்யாது. ஆள் பக்கத்தில் நின்று பட்டனை அமுக்க வேண்டும். அமுக்க ஆள் இருந்தால் நான் ஏன் டெக் தேடுகிறேன்.

3. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜமால் பாய் கடை. வெளிநாட்டு சாமான். ஞாயிறு போக வேண்டும்.

கவனிக்க: மண்ணெண்ணெய். பா. செருப்புக்கு வார் தைக்க.

ஜூலை 24. ஞாயிறு.

ஸ்ரீவி. போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கோயில் பக்கம் கூட்டம், போகும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை.

ஜமால் பாய் நல்ல மனிதர். முதலில் அலமாரியில் பளபளவென்று இருந்த ஒன்றைக் கேட்டேன். “அது அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் கொண்டாந்தது அண்ணாச்சி. நம்மூரு டிவில போட்டா படம் உருண்டுக்கிட்டே கெடக்கும். ஓசியில குடுத்தாலும் வாங்காதிய” என்றார். தன் கடைச் சரக்கைத் தானே வேண்டாம் என்கிற வியாபாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிறகு துபாயிலிருந்து வந்த ஒன்றைக் காட்டினார். கறுப்பு. முகத்தில் பச்சை எழுத்தில் மணி ஓடுகிறது. ஸ்டேஷன் பிடிக்கிற சாமான் அதற்குள்ளேயே இருக்கிறதாம். “கேபிள்காரன் பெட்டி எதுக்கு? ஆன்டெனா வயர இதுல சொருகுங்க. இதுவே புடிக்கும், இதுவே பதியும். தேதி, மணி, ஸ்டேஷன் குடுத்து டைமரப் போட்டுட்டு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போங்க.”

நான் பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்! இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ஒரு காலி கேஸட்டும் வாங்கினேன். அதைத் திருப்பி முதுகைக் காட்டினார். “ஓரத்துல சின்னப் பல்லு ஒண்ணு இருக்கா? இது இருக்க வரைக்கும் மேல மேல பதியலாம். இத நெம்பி ஒடச்சிட்டியன்னா அம்புட்டுதான், பொறவு யாராலயும் அழிக்க முடியாது. ஒடைக்க மறந்துட்டு மகன் கலியாணத்து மேல கிரிக்கெட்டப் புடிச்சவன்லாம் இருக்கான்.”

விலையை இங்கே எழுதவில்லை.

மடியில் வைத்து, பா.வின் பழைய சேலையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்தவர், “மிக்ஸியா?” என்றார். “டெக். பதியிறது” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஜூலை 25. திங்கள்.

வே. அண்ணாச்சி: “ஆடியில எவனாச்சும் டெக்கு வாங்குவானாலே? ஆவணி பொறக்கட்டும்னு இருக்கக் கூடாதா?” ஆவணியில் வாங்கி ஆகஸ்ட் மூன்றாம் தேதியை எப்படிப் பிடிப்பது? டிவிக்காரன் ஆடி பார்த்தா போடுகிறான்?

கையேடு இங்கிலீஷிலும் அரபியிலும். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு 31 பக்கம் முடித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

ஜூலை 26. செவ்வாய்.

அரை நாள் லீவு. கேபிள் வந்ததும் கழற்றிப் போட்ட ஆன்டெனாவை மாடியில் மறுபடி நிறுத்தினேன். அதன் குழாய் துணிக்கொடிக்குக் கம்பமாகி இருந்தது. துருவை உரசி, கொடைக்கானல் டிவி கோபுரத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். நான் மேலே, டிவி கீழே. எதிர் வீட்டு ராஜம்மா தன் வாசலிலிருந்தே எங்கள் ஜன்னல் வழியாகப் படத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னும் கொஞ்சம்! ஐயோ போச்சு! திருப்புங்க! சாலு, சாலு! அப்படியே விடுங்க!” தெலுங்கில் சாலு என்றால் போதும். நாற்பது வருடமாகத் தெரு முழுவதற்கும் அந்த ஒரு தெலுங்கு வார்த்தை தெரியும்.

படம் தெளிவு. பெட்டி இல்லாமல், குமார் இல்லாமல். மாடியில் நின்று கேபிள் ஆபீஸ் திசையை ஒரு பார்வை பார்த்தேன்.

ஜூலை 28. வியாழன்.

நாசம்.

வெள்ளோட்டமாக மதியச் செய்திக்கு டைமர் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கேஸட்டில் ஒன்றுமில்லை. மணி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் பூஜ்யமாக மின்னுகிறது. மறுபடி வைத்தேன், முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒழுங்காகப் பதிகிறது. ஆள் இருந்தால் வேலை செய்கிறது, ஆள் இல்லாவிட்டால் இல்லை. சில ஆபீஸர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் மாதிரி.

கரண்ட் போனதா என்று ராஜம்மாவிடம் கேட்டேன். பகல் முழுக்கக் கிரைண்டர் ஓடியதாம், போகவில்லையாம்.

பாய் ஏமாற்றிவிட்டாரா? நல்ல மனிதர் என்று எழுதினேனே.

பா.: “விடுங்க. பாக்காட்டி என்ன இப்போ?” அவள் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. சொல்லப்போனால் அவளுக்கு நிம்மதி மாதிரி இருந்தது.

ஜூலை 30. சனி.

ஆபீஸில் அனுமதி வாங்கிக்கொண்டு டெக்கோடு ஸ்ரீவி. பஸ் முழுக்க வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பாய் கடையில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டீ வரவழைத்தார். கோபமே படவில்லை.

“அண்ணாச்சி, அன்னிக்கு டைமரப் போட்டிய. பொறவு என்ன செஞ்சிய? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

“பொறவு என்ன? கேஸ அடைச்சேன். கொல்லைக் கதவச் சாத்துனேன். மெயின அமத்துனேன். பூட்டுனேன். பூட்ட மூணு தடவ இழுத்து...”

அங்கேயே நின்றுவிட்டது வாய்.

மெயின். வீட்டைப் பூட்டினால் மெயின் சுவிட்சை அணைக்காமல் நான் கிளம்பியதே கிடையாது. பாதித் தெரு போய்விட்டு அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். ஜாக்கிரதைக்காரன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கைதான் டெக்கின் கழுத்தை நெரித்திருக்கிறது.

பாய் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார். அதற்காகவே அவர் நல்ல மனிதர் என்று மறுபடி எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2. செவ்வாய்.

காற்று நிற்கவில்லை. ஆன்டெனாவுக்கு இன்னும் இரண்டு கயிறு.

என் கையை நான் நம்பவில்லை. கம்பெனியிலிருந்து நாலு அங்குல பேண்டேஜ் ரோல் ஒன்று வாங்கிவந்து மெயின் சுவிட்சின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டேன், எலும்பு முறிந்த கை மாதிரி. பா. பார்த்துவிட்டு, “கட்டு சரியா போடலியே. கொண்டாங்க இங்க” என்று அவிழ்த்துத் தானே கட்டினாள். நர்ஸ் கட்டிய கட்டு. இனி கழுதை உதைத்தாலும் அவிழாது.

கட்டும்போது கேட்டாள், “நெசமாவே பதியுமா?”

“பதியும்.”

“பேசுனது எல்லாமா?”

“ஒரு எழுத்து விடாது” என்று மார்தட்டினேன். அவள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள்.

ஆகஸ்ட் 3. புதன்.

காலை. டைமர் வைத்தேன். 1.25 முதல் 2.05 வரை. மூன்று தடவை சரிபார்த்தேன். பூட்டும்போது கை தானாக மெயினுக்குப் போய், கட்டைத் தொட்டுத் திரும்பியது.

வே. அண்ணாச்சி 1 மணிக்குக் கிளம்பினார். “நீதான் பாக்க முடியாது, நானாச்சும் பாத்துட்டு வந்து சொல்லுதேன்லே.” நான் லாரியில் பெட்டி எண்ணினேன். 1.30க்கு எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து எண்ணினேன்.

2.20. அண்ணாச்சி திரும்பி வந்தார். செக்‌ஷன் நடுவில் நின்றார். முப்பது பேர்.

“ஏலே சங்கரா! பதினோரு வருசமா நான் தின்னது ஒன் கைச் சோறாலே!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பாக்கியம் டிவியில் சொல்லிவிட்டாளாம். காலையில் சமைத்துக் கட்டிக் கொடுப்பது வீட்டுக்காரர்தான் என்று. தமிழ்நாட்டுக்கே. ஒருவன் கரண்டி பிடிப்பதுபோல் செய்துகாட்டினான். பேக்கிங் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “தங்கக் காப்பு இனி யாருக்குலே போட?” என்றார் அண்ணாச்சி. தார்ப்பாய்க் கயிற்றை நானே இறுக்கி உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம்.

சைக்கிளில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். அதன்மேல் வேறு எதையாவது பதிந்தால் போயிற்று. கையேடு பக்கம் 22.

6.10. டெக்கில் மணி சரியாக ஓடுகிறது. பூஜ்யம் இல்லை. கேஸட் நகர்ந்திருக்கிறது. போட்டேன்.

காற்று ஆன்டெனாவை லேசாகத் திருப்பியிருக்கிறது. ஒரு பாக்கியத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு பாக்கியம். குரல் மட்டும் சுத்தம்.

அணைக்கு மேலே ஓடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்து இறங்குகிறாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு கை பெட்டியில், ஒரு கை காற்றில். நடுவில் கால் வழுக்குகிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், மே மாதத்தில் வழுக்கிய காலுக்கு. பெட்டி அசையவில்லை. அக்கரையில் மலைக் குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இவளைக் கண்டதும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

பதினோரு வருடம் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறேன். இறங்கி எங்கே நடக்கிறாள் என்று ஒருநாள் பார்த்ததில்லை. சாயங்காலம் வீங்கிய காலை மட்டும் பார்த்திருக்கிறேன். இவள் என் மனைவி என்று தெருவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

பிறகு அந்த இடம். இவ்வளவு தூரம் தினமும் எப்படியம்மா என்று கேட்கிறார்கள். பா. நெற்றியைத் துடைத்துக்கொள்கிறாள்.

“எங்க வீட்ல அவுக நாலு மணிக்கு எந்திரிச்சு சோறு பொங்கி, கொழம்பு வச்சு, டப்பாவுல போட்டு, என்னைய பஸ் ஏத்தி விடுவாக. ஒருநாளும் மொகம் சுளிச்சது இல்ல. அவுக எந்திரிக்கலைன்னா நான் இந்த ஓடையத் தாண்ட முடியாதுங்க.”

கேஸட்டைப் பின்னால் ஓட்டி, அந்த வரிக்கு முன்னால் நிறுத்தினேன். விரல் சிவப்புப் பட்டன்மேல். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

7.40. வாசலில் பா. செருப்பைக் கழற்றாமல், பையோடு நின்றாள். பஸ்ஸிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“கோவமா?”

“உள்ள வா. கால் கழுவிட்டு வா.”

“அவுக கேட்டாக. பொய் சொல்ல வரல.”

“ஒக்காரு” என்றேன்.

போட்டேன். ஓடையில் தன்னைப் பார்த்து, “இம்புட்டு கறுத்தா போயிட்டேன்?” என்றாள். அந்த இடம் வந்ததும் டிவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். முடிந்ததும், “ஒருக்கா மறுபடியும் போடுங்க” என்றாள்.

நான்கு தடவை போட்டோம். நான்காவது தடவை தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 4. வியாழன்.

காற்று கொஞ்சம் அடக்கம்.

4.00. உலை வைத்தேன். வெங்காயம் உரிக்கிற கத்தியால் கேஸட் முதுகில் இருந்த பல்லை நெம்பினேன். டக். இனி யாராலும் இதன்மேல் எதையும் பதிய முடியாது, நான் உட்பட.

5.20 பஸ். பா. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கையாட்டினாள்.

மதியம் டப்பாவைத் திறந்தேன். அண்ணாச்சி கை வரவில்லை, தயக்கம். செக்‌ஷன் முழுக்க என்னையே பார்த்தது. டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். “கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு அண்ணாச்சி. நான் வச்சது.”

தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு ஒரு கல்லு கம்மிலே” என்றார். பதினோரு வருடத்தில் ஒரு குறை சொன்னதில்லை.

நாளைக்குப் பார்க்கட்டும்.